இராமநாதபுரம் கடற்கரைக் கல்லூரிகளின் வேலைவாய்ப்புப் பொறுப்பாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியப் பெருமக்களுக்கு, வணக்கம்.

இராமநாதபுரம், கீழக்கரை, பரமக்குடி, திருவாடானை, இராமேசுவரம் ஆகிய ஊர்களின் கல்லூரிகளில் வேலைவாய்ப்புப் பிரிவைக் கவனித்துவரும் உங்கள் அனைவருக்கும் பொதுவாக இந்த மடலை எழுதுகிறேன். நான் தங்கச்சிமடத்துக்காரி. அப்பா நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். 2021-ஆம் ஆண்டு உங்கள் கல்லூரிகளில் ஒன்றில் பி.காம். முடித்து, வளாகத் தேர்வில் தேறி, கடைகளுக்குக் கணக்கு மென்பொருள் விற்கும் ஒரு தொழில்நுட்ப நிறுவனத்தின் விற்பனைப் பிரிவில் சேர்ந்தேன். சென்னையில் 17 மாதம் தொலைபேசியிலும், 2023 ஜனவரி முதல் நம் மாவட்டத்தில் கடை கடையாக ஏறி இறங்கியும், ஆக மூன்று ஆண்டு நான்கு மாதம் அந்த வேலையைப் பார்த்துவிட்டு, 2024 நவம்பரில் விலகினேன். இப்போது மண்டபத்தில் ஓர் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். பழைய நிறுவனத்தின் பெயரை இங்கே நான் சொல்லவில்லை. என்னோடு படித்தவர்கள் வேறு வேறு நிறுவனங்களில் இதே வேலைக்குப் போய் இதே கதையைத்தான் சொல்கிறார்கள் என்பதால், ஒரு பெயரைச் சொல்லி மற்றவற்றைத் தப்பவிடுவதில் எனக்கு விருப்பமில்லை.

சென்ற மாதம் பேருந்தில் போகும்போது ஒரு கல்லூரி வாசலில் கட்டியிருந்த பதாகையைப் பார்த்தேன். பன்னிரண்டு பிள்ளைகளின் படம், ஒவ்வொரு படத்துக்குக் கீழும் ‘பிசினஸ் டெவலப்மென்ட் எக்ஸிகியூட்டிவ்’, அதற்குக் கீழே பெரிய எழுத்தில் ‘ஆண்டுக்கு 6 லட்சம்’. 2021-இல் அப்படியொரு பதாகையில் என் படமும் இருந்தது. அதைப் பார்ப்பதற்கென்றே அப்பா கடலுக்குப் போகாமல் ஒரு நாள் பேருந்து ஏறி வந்தார். அந்த 6 லட்சத்தை உடைத்துப் பார்த்தால் என்ன இருந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கணக்கை எங்களுக்கு யாரும் கரும்பலகையில் போட்டுக் காட்டவில்லை. நிலையான சம்பளம் ஆண்டுக்கு 2,52,000. விற்றால் மட்டும் கிடைக்கக்கூடிய தொகை 3,24,000. மீதி 24,000 காப்பீடு என்றும் பயிற்சிச் செலவு என்றும் எழுதப்பட்டிருந்தது. மாதம் 21,000 என்று நினைத்துப் போனால், வருங்கால வைப்பு நிதிக்கு என் பங்கும் நிறுவனத்தின் பங்கும் அதிலிருந்தே பிடிக்கப்பட்டு, தொழில் வரியும் போக, கைக்கு 17,200 வந்தது. தரமணிப் பக்கம் பெண்கள் விடுதிக்கு 7,500 கொடுத்தேன்.

‘விற்றால் கிடைக்கும்’ என்று நிறுவனத்தார் சொன்னபோது எனக்கு அது புதிதாகத் தோன்றவில்லை. நம் கடற்கரைப் பிள்ளைகளுக்கு அது பழகிய ஒன்று; படகில் சம்பளம் கிடையாது, பங்குதான். டீசல், ஐஸ், சாப்பாடு என்று செலவு கழித்து, மிஞ்சியதைப் படகுக்கும் ஆட்களுக்கும் பங்கு வைப்பார்கள். இன்சென்டிவ் எனப்படும் அந்த விற்பனை ஊக்கத்தொகையும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பித்தான் கையெழுத்திட்டேன். வேறுபாடு போன பிறகு தெரிந்தது. படகில் மீன் படாத நாளில் படகுக்காரருக்கும் இல்லை, ஆளுக்கும் இல்லை. நட்டத்தில் எல்லாரும் ஒரே படகில் இருக்கிறார்கள். சென்ற மாதம் விற்ற மீனை வாங்கியவர் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்று சொல்லி இந்த மாதப் பங்கில் யாரும் கைவைப்பதில்லை. எங்கள் வேலையில் வாடிக்கையாளர் மூன்று மாதத்துக்குள் சந்தாவை நிறுத்தினால், அவர் ஏன் நிறுத்தினார் என்ற கேள்வியே இல்லாமல், மென்பொருளில் கோளாறு இருந்தாலும்கூட, எனக்கு முன்பே கொடுத்த இன்சென்டிவ் அடுத்த மாதச் சம்பளத்தில் பிடிக்கப்படும். டார்கெட்டில் 80 விழுக்காட்டைத் தொடாத மாதத்தில், விற்ற அளவுக்கும் எதுவும் கிடையாது. முதல் ஓராண்டில் எனக்கு இன்சென்டிவ் வந்தது நான்கே மாதங்கள். அதில் இரண்டு மாதத் தொகை பின்னர் திரும்பப் போயிற்று. இந்த இரண்டு விதிகளும் ஆஃபர் லெட்டரில் இல்லை. ‘நிறுவனத்தின் அவ்வப்போதைய கொள்கைக்கு உட்பட்டது’ என்ற ஒரு வரிக்குள் அவை இருந்தன.

சென்னை அலுவலகத்தின் ஒரு நாளையும் உங்களுக்குக் காட்ட வேண்டும். காலை 9.15-க்கு எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும்; அதற்கு ஹட்டில் என்று பெயர். நேற்று எத்தனை பேருக்கு டெமோ காட்டினாய், எத்தனை க்ளோசிங், அதாவது முடிந்த விற்பனை, இன்றைக்கு எவ்வளவு தொகை கொண்டுவருவாய் என்று ஒவ்வொருவரும் மற்றவர் முன்னிலையில் சொல்ல வேண்டும். நேற்றுச் சொன்னதைக் கொண்டுவராதவர் கடைசி வரை நின்றுகொண்டிருக்க வேண்டும். பிறகு டயலர் ஓடத் தொடங்கும். ஒரு அழைப்பு முடிந்த சில நொடிகளில் அடுத்த எண்ணை அதுவே போடும். நாளொன்றுக்கு 120 அழைப்பு, மூன்று மணி நேரம் டாக் டைம், அதாவது அழைப்பில் பேசிய நேரம். சுவரில் மாட்டியிருக்கும் பெரிய திரையில் நம் பெயர் பச்சையாகவோ சிவப்பாகவோ தெரியும். கழிவறைக்குப் போவதும் அந்தக் கணக்கில் ‘பிரேக்’ என்று ஏறும். மாலை ஆறு மணிக்கு என் டாக் டைம் இரண்டேகால் மணி நேரத்தில் நிற்கும்போது, நான் செய்துவந்த ஒரு காரியத்தை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை: வீட்டுக்கு ஓர் அழைப்புப் போடுவேன். அம்மா எடுத்து, ‘என்னம்மா, மணி ஓட்டணுமா?’ என்று கேட்டுவிட்டு, கைப்பேசியை அரிசிப் பானையின் மூடி மேல் வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார். முக்கால் மணி நேரம் என் காதில் அடுப்படிச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். மீன் கழுவும் தண்ணீர், அம்மியில் மசாலா அரைபடும் ஓசை, வாசலில் யாரோ அம்மாவைக் கூப்பிடுவது. திரையில் என் பெயர் பச்சையாகும். மகள் வேலை பார்க்கும் இடத்தில் இப்படி ஓர் ஏமாற்று தேவைப்படுகிறது என்பது அம்மாவுக்குப் புரிந்திருந்தது. எதற்கு என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-இலிருந்து இருக்கிறது. நாளொன்றுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது அது விதித்த வரம்பு. அதற்கு மேல் வேலை வாங்கினால் இரட்டிப்பு ஊதியம் தர வேண்டும். நாங்கள் இரவு 8.30 வரை இருந்தோம், மாதக் கடைசி வாரத்தில் பத்து, பத்தரை. ஞாயிற்றுக்கிழமை வருவது ‘உங்கள் விருப்பம்’ என்று சொல்லப்பட்டது. வராதவர்களின் பட்டியல் திங்கட்கிழமை ஹட்டிலில் வாசிக்கப்பட்டது. வணிகவியல் படித்த எனக்கு இந்தச் சட்டம் பாடத்தில் ஒரு பத்தியாக இருந்தது, தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதியும் இருக்கிறேன். அது என்னைப் பற்றியது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

2023 ஜனவரியில், சொந்த மாவட்டத்துக்கே உன்னை அனுப்புகிறோம் என்றார்கள். மகிழ்ச்சியோடுதான் வந்தேன். தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஊர்களும், தீவுக்குள் பாம்பன், தங்கச்சிமடம், இராமேசுவரமும் என் பகுதி. மாதம் 22 புதிய சந்தா என்பது டார்கெட். அந்த 22 எங்கிருந்து வந்தது என்று பலமுறை கேட்டுப் பார்த்தேன்; மாவட்டத்தின் மக்கள்தொகையை வைத்துப் போட்டது என்று ஒருமுறை பதில் வந்தது. 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6-ஆம் நாள் புதிய பாலம் திறக்கப்படும் வரை ரயில்கள் தீவுக்குள் வரவே இல்லை. இராமேசுவரத்து விடுதிக்காரர்கள் அமாவாசைக் கூட்டத்தை மட்டும் நம்பி உட்கார்ந்திருந்த அந்த நாள்களில்தான் ‘விடுதிகளில் ஏன் விற்பனை இல்லை’ என்று எனக்கு வாரம் ஒரு மின்னஞ்சல் வந்துகொண்டிருந்தது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை என்பது நம் ஊரில் சிறு பிள்ளைக்கும் தெரியும். தடைக்காலத்தில் ஐஸ் கம்பெனி பாதி நாள் ஓடாது, மீன் கம்பெனியில் ஆள் குறையும், மளிகைக்கடையில் கடன் நோட்டு தடிக்கும், டீக்கடையில்கூட வியாபாரம் படுத்துவிடும். யாரும் புதுச் செலவு செய்ய மாட்டார்கள். இதை எழுதி, இரண்டு மாதத்துக்கு மட்டும் டார்கெட்டைக் குறைத்து ஆடி, ஆவணியில் கூட்டிக்கொள்ளலாம் என்று கேட்டேன். மேலாளர் நல்ல மனிதர்தான், அவருக்கும் மேலிருந்து எண் வருகிறது; ஆனால் என் மதிப்பீட்டுத் தாளில் அது ‘காரணம் சொல்லும் மனநிலை’ என்று பதிவாயிற்று. பாம்பன் சின்னப்பாலத்துப் பெண்கள் கடலில் மூழ்கிப் பாசி எடுப்பவர்கள். பாசி மீண்டும் தழைக்க வேண்டும் என்பதற்காக மாதத்தில் 12 நாள் மட்டும் எடுப்பது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்கள். அவர்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு, பாம்பன் கடைத்தெருவில் ஒரே கடைக்காரருக்குப் பதினோராவது முறை ஃபாலோ-அப் போகும்போது நெஞ்சு கூசியது. மென்பொருள் வாங்கக்கூடிய கடை ஓர் ஊரில் இத்தனைதான் உண்டு. அதை எடுத்து முடித்த பிறகும் டார்கெட் கூடிக்கொண்டே போகும்போது, தேவையில்லாதவர் தலையில் கட்டுவதைத் தவிர விற்பவருக்கு வேறு வழி இருப்பதில்லை.

இந்த இடத்தில்தான் நான் முதன்மையாகச் சொல்ல வந்தது இருக்கிறது. நிறுவனங்கள் நம் பிள்ளைகளைத் தேடி இவ்வளவு தொலைவு வருவது எதற்காக என்று நீங்கள் யோசித்திருப்பீர்கள். மதிப்பெண்ணுக்காகவும் ஆங்கிலத்துக்காகவும் வருவதாக இருந்தால் அவர்கள் சென்னையைத் தாண்டியிருக்க வேண்டியதில்லை. எனக்குக் கிடைத்த பயிற்சியில் ‘உள்ளூர் உறவு’ என்று ஒரு முழு நாள் பாடம் இருந்தது. எந்த ஊரில் யாரை எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று எங்களிடமே கேட்டு, ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டார்கள். கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் ‘காக்கா’, ‘லாத்தா’; தங்கச்சிமடத்தில், பாம்பனில் ‘மாமா’, ‘பெரியம்மா’; உள்நாட்டுப் பக்கம் ‘அண்ணே’, ‘மதினி’. நாங்கள் உற்சாகமாகச் சொன்னோம். வெளியூர்க்காரர் பேசினால் கதவைச் சாத்துகிற கடைக்காரர், ‘நான் இன்னார் மகள்’ என்று சொன்னால் உட்காரச் சொல்லி டீ வாங்கித் தருவார். நிறுவனத்துக்குத் தேவைப்பட்டது அந்த நாற்காலியும் அந்த டீயும்தான். எங்கள் அப்பா அம்மா முப்பது, நாற்பது ஆண்டு ஊரில் சேர்த்துவைத்த பெயரை மாதம் 17,200-க்கு எடுத்துக்கொண்டார்கள்.

2023 ஜூலை 31. மாதக் கடைசி நாள், எனக்கு 22-க்கு 20 ஆகியிருந்தது. இரண்டு சந்தா வந்தால் இன்சென்டிவ் முழுதாகக் கிடைக்கும். தம்பிக்குப் பாலிடெக்னிக் கட்டணம் கட்ட வேண்டிய மாதம். பாம்பனில் கருவாடு விற்கும் ஒரு பெரியம்மா, அம்மாவுக்குச் சிறு வயதிலிருந்தே பழக்கம், சாலையோரத்தில் சாக்கு விரித்து நெத்திலியும் திருக்கையும் கூறு கட்டி வைத்திருப்பார். ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய வணிகர்கள் பிற வணிகர்களுக்கு விற்கும்போது இ-இன்வாய்ஸ் எனப்படும் மின்னணு விலைப்பட்டியல் போட வேண்டும் என்ற விதி மறுநாள் ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வர இருந்தது. எங்களுக்குக் கொடுத்திருந்த பேச்சு வாசகத்தில் அந்த 5 கோடி இல்லை. ‘நாளை முதல் அரசு கட்டாயமாக்குகிறது’ என்பது மட்டும் இருந்தது. சரக்கு விற்பவருக்கு ஆண்டுக்கு 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவே வேண்டியதில்லை. சிப்பமிட்டுப் பெயர் ஒட்டாமல் அள்ளிக் கொடுக்கும் கருவாட்டுக்கு வரியே கிடையாது. இரண்டும் எனக்குத் தெரியும், பி.காம். படித்தவள். தெரிந்தும் அந்த வாசகத்தைச் சொன்னேன். பெரியம்மாவிடம் பொத்தான் வைத்த கைப்பேசிதான் இருந்தது. பேத்தியின் கைப்பேசியில் செயலியை இறக்கி, சவூதியில் இருக்கும் மகனிடம் சொல்லிப் பணம் போடவைத்தேன். ஓராண்டுச் சந்தா 6,999 ரூபாய்.

மூன்று வாரம் கழித்து, அது தேவையில்லாதது என்று யாரோ சொல்லி அவருக்குத் தெரிந்துவிட்டது. சண்டைக்கு வருவார் என்று பயந்துகொண்டிருந்தேன். அவர் வரவில்லை. அம்மாதான் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போன இடத்தில் அவரைப் பார்த்து, மன்னிப்புக் கேட்கும் குரலில் ஏதோ சொல்லியிருக்கிறார். அதற்குப் பெரியம்மா சொன்னாராம்: ‘அது எனக்கு எதுக்குன்னு அன்னைக்கே எனக்கு வெளங்கலம்மா. புள்ள முகத்தப் பாத்தேன், மாசக் கடைசி, எண்ணிக்கை கொறையுதுன்னு தவிச்சிக்கிட்டு நின்னுச்சு. அதுக்காகத்தான் வாங்குனேன்.’ நான் பயமுறுத்தி விற்றதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் எனக்கு ஓர் உதவி செய்திருந்தார். ஏழு நாளுக்கு மேல் ஆனால் ரீஃபண்ட் கிடையாது என்பது நிறுவனத்தின் விதி. இரண்டு மாதச் சம்பளத்தில் பிரித்து அந்தத் தொகையை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்க மறுத்தார், பேத்தியின் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். அதன் பிறகும் ஓராண்டுக்கு மேல் அந்த வேலையில் இருந்தேன் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும், ஏனென்றால் தம்பியின் படிப்பு முடியவில்லை.

கைப்பேசி எண் தொடர்பாகவும் ஓர் எச்சரிக்கை. வணிக அழைப்புகளுக்கென்று 140-இல் தொடங்கும் எண்வரிசை தனியாக இருக்கிறது. ஆனால் அந்த எண்ணைக் கண்டால் மக்கள் எடுப்பதில்லை என்பதால், மாவட்டத்துக்கு வந்த பின் எங்கள் சொந்த சிம் கார்டிலிருந்தே அழைக்கச் சொன்னார்கள். பதிவு செய்யாமல் இப்படி விளம்பர அழைப்புச் செய்வோரின் இணைப்புகள் அனைத்தையும் துண்டித்து, இரண்டு ஆண்டு வரை கறுப்புப் பட்டியலில் வைக்குமாறு தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 ஆகஸ்டில் தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. என் எண் துண்டிக்கப்படவில்லை. ஆனால் நான் யாரை அழைத்தாலும் அவர் திரையில் சிவப்பு நிறத்தில் ‘தொல்லை அழைப்பு’ என்று வந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் அப்பாவைக் காய்ச்சலோடு மருத்துவமனையில் சேர்த்துவிட்டு இரத்தம் வேண்டிச் சொந்தக்காரர்களை அழைத்தபோது, எண் தெரியாத பலர் அந்தச் சிவப்பைப் பார்த்து எடுக்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரரின் கைப்பேசியை வாங்கித்தான் பேசினேன்.

என்னோடு தேர்வான சாயல்குடிப் பையன் ஒருவர், இரண்டு மாதம் தொடர்ந்து டார்கெட்டைத் தொடாததால் ‘பிஐபி’ எனப்படும் முப்பது நாள் கெடுவில் வைக்கப்பட்டார். அந்த முப்பது நாளில் டார்கெட் வழக்கமான அளவைவிட ஒன்றரை மடங்கு. முடியாது என்பது இரு தரப்புக்கும் தெரிந்தே நடக்கும் காரியம் அது. முடிவில், நீக்கினோம் என்று எழுதினால் அடுத்த வேலை கிடைக்காது, நீங்களே ராஜினாமா எழுதிக்கொடுங்கள் என்றார்கள், எழுதிக்கொடுத்துவிட்டார். ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தக்க காரணமும் ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான சம்பளமோ இன்றி வெளியேற்றக் கூடாது என்று நம் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தின் 41-ஆம் பிரிவு சொல்கிறது. தானாக விலகியவருக்கு அந்தப் பிரிவு பேச்சுக்கே வராது. ராஜினாமாவை எழுதி வாங்குவதன் காரணம் அதுதான். அவருக்கு வர வேண்டிய பாக்கித் தொகை நான்கு மாதம் கழித்து வந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, நீக்கப்பட்டாலும் விலகினாலும் இரண்டு வேலை நாள்களுக்குள் ஊதியத்தைத் தீர்த்துவிட வேண்டும். இது உங்கள் மாணவர்கள் போகும் முன்பே தெரிந்துகொண்டு போக வேண்டிய செய்தி. அந்தப் பையன் சாயல்குடிக்குத் திரும்பிய மாதத்திலும் கல்லூரி வாசல் பதாகையில் அவர் படம் இருந்தது. அந்த வழியாகப் போவதைத் தவிர்க்க அவர் வேறு பேருந்தில் போய்வந்தார்.

இந்த வேலைக்கே யாரையும் அனுப்பாதீர்கள் என்று நான் கேட்கவில்லை. எனக்கு அது கற்றுக்கொடுத்தவை உண்டு. முன்பின் தெரியாத ஒருவரிடம் தயங்காமல் பேச வந்தது, ஜிஎஸ்டி நடைமுறை கைக்குள் வந்தது, தம்பி படிப்பை முடித்தான். கீழக்கரையில் ஒரு மொத்த மளிகைக் கடையில், இருபது ஆண்டுக் கடன் நோட்டுகளை அடுக்கிவைத்துத் தேடிக்கொண்டிருந்த காக்கா ஒருவருக்கு நான் விற்ற மென்பொருள் உண்மையிலேயே பயன்பட்டது. நோன்புப் பெருநாளுக்கு முந்திய வாரம் வசூல் எளிதாயிற்று என்று இன்றைக்கும் பார்க்கும்போதெல்லாம் சொல்வார். தேவை உள்ளவரிடம் போய் நல்ல பொருளை எடுத்துச் சொல்லும் வேலை என்றால் அதைவிட எனக்குப் பிடித்த வேலை கிடையாது. அப்படி விற்ற நாள்கள் மாதத்தில் ஐந்தாறு இருந்தன.

உங்கள் மேல் உள்ள நெருக்கடியும் எனக்குத் தெரியும். கல்லூரிகளுக்குத் தரம் போடும் நாக் மதிப்பீட்டில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று எண் காட்ட வேண்டும், சேர்க்கைக் காலத்தில் பெற்றோர் அதைத்தான் கேட்கிறார்கள், நிர்வாகமும் கேட்கிறது. உங்களுக்கும் ஒரு டார்கெட் இருக்கிறது என்றே நான் புரிந்துகொள்கிறேன். ஆஃபர் லெட்டர் கையில் வந்த நாளோடு அந்த எண் நிறைந்துவிடுகிறது. அதன்பின் அந்தப் பிள்ளை எட்டு மாதத்தில் ஊர் திரும்பினாலும் எண் குறைவதில்லை. எனக்கு வேலை கிடைத்த பிறகு, 2021 ஆகஸ்டிலிருந்து இன்றுவரை, கல்லூரியிலிருந்து ஒருவரும் என்னை அழைத்து எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. அடுத்த ஆண்டு மாணவர்களுக்கு ‘வெற்றிக் கதை’ சொல்ல வரும்படி மட்டும் ஒருமுறை அழைப்பு வந்தது. அன்று மாதக் கடைசி என்பதால் விடுப்புக் கிடைக்கவில்லை.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இதுதான். நிறுவனம் வளாகத்துக்கு வரும் நாளில், மாணவர்கள் எதிரிலேயே, அவர்களுக்காக நீங்கள் கேளுங்கள். இருபத்தோரு வயதுப் பிள்ளை நேர்முகத் தேர்வில் உட்கார்ந்துகொண்டு கேட்க முடியாத கேள்விகளை நீங்கள் கேட்கலாம். உங்களை அவர்களால் தேர்விலிருந்து கழிக்க முடியாது. மாதம் கைக்கு வருவது எவ்வளவு என்பதை எழுதித் தரச் சொல்லுங்கள், பதாகையில் அந்தத் தொகையையே போடுங்கள். சென்ற ஆண்டு நம் கல்லூரியிலிருந்து எடுத்தவர்களில் இன்றைக்கு எத்தனை பேர் அங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள்; நேர்மையான நிறுவனம் அதற்குத் தயங்காது. கொடுத்த இன்சென்டிவைத் திரும்பப் பிடிக்கும் விதி உண்டா, எந்த அளவுக்குக் கீழே போனால் ஒன்றும் கிடையாது, அழைப்புகள் யார் எண்ணிலிருந்து போகும் என்பவற்றையும் கேட்டு எழுதி வாங்குங்கள். மூலச் சான்றிதழைக் கொடு என்று கேட்கும் நிறுவனத்தை வாசலோடு திருப்பி அனுப்புங்கள். எங்கள் வகுப்பில் இருவர் கொடுத்துவிட்டு, விலகிய பின் அதை மீட்க ஆறு மாதம் அலைந்தார்கள். அதற்குள் ஒருவருக்கு அரசுத் தேர்வுச் சான்றிதழ் சரிபார்ப்பு கைநழுவிப் போயிற்று.

எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று உண்டு. உங்கள் பதிவேட்டில் இன்னொரு பத்தி சேர்த்து, வேலைக்குப் போன ஒவ்வொரு பிள்ளையையும் மூன்றாம் மாதத்திலும் பன்னிரண்டாம் மாதத்திலும் ஒருமுறை அழைத்துப் பேசுங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை அழையுங்கள். ‘நல்லா இருக்கேன் சார்’ என்றுதான் முதலில் சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். கைக்கு எவ்வளவு வருகிறது, எத்தனை மணிக்கு அறைக்குப் போகிறாய், ஊரில் யாரிடம் விற்றாய் என்று கேளுங்கள். அந்த விடைகளை, பெயர் இல்லாமல், அடுத்த ஆண்டு இறுதியாண்டு மாணவர்களிடம் வாசித்துக் காட்டுங்கள்.

இந்த ஆண்டு வளாகத் தேர்வுகள் தொடங்கும் முன் எந்தக் கல்லூரி கூப்பிட்டாலும் நான் வருகிறேன். என்னுடைய 40 மாதச் சம்பளச் சீட்டுகளும், இன்சென்டிவ் பிடித்த மாதங்களின் மின்னஞ்சல்களும், எங்களுக்குக் கொடுத்த பேச்சு வாசகத்தின் நகலும் ஒரு கோப்பில் இருக்கின்றன. நிறுவனத்தின் பெயரை மறைத்துவிட்டு மாணவர்கள் கையிலேயே கொடுக்கிறேன், அவர்களே கூட்டிக் கழித்துப் பார்க்கட்டும். சாயல்குடித் தம்பியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஐஸ் கம்பெனியில் எனக்கு வெள்ளிக்கிழமை பிற்பகல் விடுப்பு உண்டு. இரண்டு மணிக்கு மேல் எந்த வெள்ளியானாலும் சரி.

தங்கள் உண்மையுள்ள,
2021-ஆம் ஆண்டு வணிகவியல் மாணவி ஒருத்தி,
தங்கச்சிமடம்.